ஒட்டாத காந்தம் ஓடும் ஸ்பூலை அடக்குவது எப்படி?

கரையில் நின்று கடலில் தூண்டில் வீசிப் பழகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் மல்டிப்ளையர் ரீலின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி சின்னச் சின்னக் காந்தங்கள். அவற்றைத்தான் பிரேக் என்கிறார்கள். ஆனால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் அலுமினியம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாதே, பிறகு அது எதைப் பிடித்து நிறுத்துகிறது? அந்த பிரேக் இருந்தும் ஏன் நரம்பு சிக்கு விழுகிறது?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிக்கு ஏன் விழுகிறது என்பதைப் பார்த்துவிட்டால் காந்தத்தின் வேலை தானாக விளங்கும்.

ரீல் இரண்டு வகை. ஒன்றில், அதாவது ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது ஸ்பூல் சுற்றுவதில்லை. நரம்பு வளையம் வளையமாக விளிம்பின் மேல் வழுக்கி வெளியேறும். இன்னொன்று மல்டிப்ளையர். இதில் ஈயக்குண்டு நரம்பை இழுக்க, நரம்பு ஸ்பூலையே சுழற்றிக்கொண்டு போகும். கிணற்று ராட்டினத்தில் வாளியைக் கைவிட்டால் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. முதல் வகைக்கு வேறு தொல்லைகள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். பெரிய சிக்கெல்லாம் இரண்டாவது வகைக்கே உரியது.

ஒரு கணக்கு போடுவோம். 150 கிராம் ஈயம், நன்றாக வளையும் 13 அடிக் கம்பு, ஓரளவு தேர்ந்த கை. குண்டு நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 144 கிலோமீட்டர். நரம்பு நிறைந்த ஸ்பூலின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 12.5 சென்டிமீட்டர் நரம்பு வெளியேறும். நொடிக்கு 40 மீட்டர் கொடுக்க ஸ்பூல் நொடிக்கு 318 தடவை சுற்றியாக வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 19,000 சுற்று. கட்டைவிரல் அழுத்தி நிறுத்தி வைத்திருந்த ஸ்பூல், விரலை எடுத்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் இந்த வேகத்தைத் தொடுகிறது.

தொட்டபிறகுதான் வினை. மேலே ஏறும் குண்டின் வேகத்தைப் புவியீர்ப்பு உடனே குறைக்க ஆரம்பிக்கிறது. காற்றையே விட்டுவிடுங்கள். 45 பாகைக் கோணத்தில் 40 மீட்டர் வேகத்தில் கிளம்பிய குண்டு, உச்சியை அடையும்போது 28 மீட்டர் வேகத்தில்தான் போகும். காற்றையும், பின்னால் இழுபடும் நூறு மீட்டர் நரம்பின் உராய்வையும் சேர்த்தால் இன்னும் குறைவு. குண்டு மெதுவாகிவிட்ட செய்தி ஸ்பூலுக்கு எப்படிப் போய்ச் சேரும்? போகவே போகாது. நரம்பால் ஸ்பூலை இழுக்க முடியும், தள்ள முடியாது. நல்ல பேரிங்கில் உட்கார்ந்திருக்கும் ஸ்பூல் தன் நிலைமத்தால் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம் என்றாலும் நொடிக்கு 40 சென்டிமீட்டர் நரம்பு மிச்சம். அரை நொடியில் ஒரு சாண். போக இடமில்லாத அந்த ஒரு சாண் ஸ்பூலின் மேலேயே உப்பி எழும்பும். அடுத்து வரும் சுற்று அந்த வளையத்தைக் கவ்வி உள்ளே இழுத்து எதிர்த் திசையில் சுற்றத் தொடங்கும். அதோடு எல்லாம் இறுகிவிடும். குண்டு மட்டும் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. அதனிடம் அந்த வேகத்தில் 120 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ எடையை 12 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் அது. படீரென்று நரம்பு அறுந்து குண்டு தனியாகப் போய்விடும். எந்தப் பக்கம் போகும் என்பது நம் கையில் இல்லை. நூறடி தள்ளி ஆள் நின்றாலும் வீசக்கூடாது என்று அனுபவசாலிகள் கண்டிப்பு காட்டுவது இதனால்தான்.

இதனால்தான் ஷாக் லீடரும். ஸ்பூல் முழுக்க 0.35 மில்லிமீட்டர் தங்கூஸ் இருந்தாலும், வீச்சின் அதிர்ச்சியைத் தாங்க முனையில் தடித்த நரம்பு வேண்டும். ஈயத்தின் ஒவ்வொரு 30 கிராமுக்கும் சுமார் 5 கிலோ தாங்குதிறன் என்பது நெடுநாள் வழக்கில் உள்ள கணக்கு. 150 கிராமுக்கு 25 கிலோ லீடர். நீளம், வீசத் தயாராக நிற்கும்போது ஸ்பூலில் ஆறேழு சுற்று லீடர் படிந்திருக்கும் அளவுக்கு. லீடர் முடிச்சை ஸ்பூலின் ஓர் ஓரமாகப் படியவிடுங்கள். நடுவில் இருந்தால் விரலையும் கிழிக்கும், வெளியேறும் சுற்றையும் தட்டிவிடும்.

நமக்கு வேண்டிய பிரேக் எப்படிப்பட்டது என்று இப்போது சொல்லிவிடலாம். ஸ்பூல் தலைதெறிக்கச் சுற்றும் முதல் நொடியில் பலமாகப் பிடிக்க வேண்டும். வேகம் குறையக் குறையப் பிடியைத் தளர்த்த வேண்டும். கடைசியில் இருப்பதே தெரியக்கூடாது. அச்சின் முனையை அழுத்தும் பக்கத் திருகால் இது முடியாது. அந்த உராய்வு எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதை இறுக்கிச் சிக்கைத் தடுக்க நினைத்தால், பிரேக்கே தேவைப்படாத இடத்திலும் அது ஸ்பூலைப் பிடித்துக்கொண்டு தூரத்தைத் தின்னும். ஸ்பூல் இடவலமாக ஆடாமல் இருக்கும் வரை இறுக்கி, நூலிழை ஆட்டம் மிஞ்சும்படி விட்டுவிடுவதே அந்தத் திருகுக்கு உரிய வேலை.

காந்தம் இந்த வேலையை அவ்வளவு அழகாகச் செய்கிறது! ஸ்பூலின் பக்கச் சுவரில் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காந்தத்தின் வட முனையை நோக்கி அது விரைகிறது. நெருங்க நெருங்க அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் அளவு, அதாவது காந்தப் பாயம், கூடுகிறது. பாயம் மாறினால் கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பதை ஃபாரடே 1831-இல் காட்டினார். அந்த மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும் என்று லென்ஸ் 1834-இல் சொன்னார். அலுமினியத்துக்குள் கம்பியும் இல்லை, மின்சுற்றும் இல்லை. ஆனாலும் ஆற்று நீரில் சுழி விழுவதுபோல் உலோகத்தின் உடம்புக்குள்ளேயே மின்னோட்டம் வட்டமிடும். சுழல் மின்னோட்டம் என்ற பெயர் அதற்குக் கச்சிதம். அந்தச் சுழலும் ஒரு குட்டிக் காந்தம்தான். வருகிற வட முனைக்கு எதிரே அதுவும் வட முனையைக் காட்டும். விலக்கும். நம் வட்டம் முன்னேற முடியாமல் தடுக்கப்படுகிறது.

சரி, எப்படியோ காந்தத்தைத் தாண்டிவிட்டது. இப்போது விலகிப் போகிறது, பாயம் குறைகிறது. சுழல் உடனே திசை மாறுகிறது, தென் முனையைக் காட்டுகிறது. வட முனை அதைப் பின்னாலிருந்து இழுக்கிறது! வரும்போது முன்னிருந்து தள்ளல், போகும்போது பின்னிருந்து இழுப்பு. இரண்டும் ஓட்டத்துக்கு எதிரானவை. வட முனை, தென் முனை என்று மாற்றி மாற்றி பத்து காந்தங்களை அடுக்கியிருந்தால், நொடிக்கு 318 சுற்று சுற்றும் ஸ்பூலின் அந்தச் சின்ன வட்டம் நொடிக்கு 3,180 தடவை இப்படித் தள்ளும் இழுப்புமாக அலைக்கழிக்கப்படுகிறது. எதுவும் எதையும் தொடவில்லை. தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை. ஸ்பூல் இழந்த ஆற்றல் அலுமினியத்தில் வெப்பமாகக் கரைகிறது.

ஆக, வாசகரின் கேள்விக்குப் பதில் இது: காந்தம் அலுமினியத்தைப் பிடிப்பதில்லை, அலுமினியத்தின் அசைவைப் பிடிக்கிறது. ஸ்பூல் நின்றிருந்தால் பாயம் மாறாது, சுழல் இல்லை, பிடியும் இல்லை. வேகம் இரட்டித்தால் பிடியும் ஏறக்குறைய இரட்டிக்கும். பாதியானால் பிடியும் பாதி. கேட்காமலே வேகத்துக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் பிரேக்.

பழைய மின்கணக்கு மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லச் சுற்றும் அலுமினியத் தட்டு நினைவிருக்கிறதா? அதன் ஓரத்தில் இருக்கும் நிலைக்காந்தம் செய்வதும் இதே வேலைதான். ஒரு மீட்டர் செப்புக் குழாயும் குழாய்க்குள் சற்றுத் தளர்வாகப் போகும் ஒரு நியோடிமியம் காந்தமும் கிடைத்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். குழாயை நிமிர்த்திப் பிடித்து உள்ளே ஒரு கல்லைப் போடுங்கள், அரை நொடிக்குள் கீழே விழும். காந்தத்தைப் போட்டால் பல நொடிகள் மிதந்து மிதந்து இறங்கும். லென்ஸ் விதியை எழுதி மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்பறைகளில் ஒரு குழாயும் ஒரு காந்தமும் இல்லாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. சிக்கு விழுந்தால் “கைராசி இல்லை” என்று தூண்டிலை வேறொருவரிடம் நீட்டுகிறவர்களைப் பார்க்கும்போதும் அதே வருத்தம்தான். அது ராசி இல்லை. வேக வித்தியாசம். திருகிச் சரிசெய்யக்கூடிய ஒன்று.

வேறு சில ரீல்களில் மையவிலக்கு பிரேக் இருக்கும். ஸ்பூலோடு சுற்றும் சின்னக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். அதன் பிடி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் பிடி கால்வாசி. அதனால் தொடக்கத்தில் முரட்டுத்தனமாகப் பிடித்து, பாதி வழியில் ஸ்பூலை அநேகமாகச் சுதந்திரமாக விட்டுவிடும். தூரம் கிடைக்கும், ஆனால் நடுவானில் எதிர்க்காற்று மோதினால் காப்பாற்ற ஆளில்லை. காந்தத்தில் நடுவழியிலும் பாதிப் பிடி மிஞ்சியிருக்கும். பழகுகிறவருக்கு நான் காந்தத்தையே சொல்வேன். இரண்டையும் கலந்த ஓர் அமைப்பும் உண்டு. ஸ்பூல் வேகமெடுத்ததும் அதிலுள்ள ஓர் அலுமினிய வளையம் நகர்ந்து காந்தங்களுக்கு நடுவே நுழையும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அதை வெளியே இழுத்துக்கொள்ளும். வடிவமைத்தவரைக் கைகூப்பத் தோன்றும்.

காந்த பிரேக்குக்கென்று உள்ள திருகைத் திருப்பும்போது காந்தங்கள் ஸ்பூலை நெருங்குகின்றன அல்லது விலகுகின்றன. காந்தப்புலம் இதில் இரண்டு முறை கணக்கில் வருகிறது: சுழலை உண்டாக்க ஒரு முறை, உண்டான சுழலைத் தள்ள மறுமுறை. எனவே புலம் இரட்டித்தால் பிடி நான்கு மடங்கு. ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் கையில் தெரிவது அதனால்தான்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, காந்தத் திருகை முழுப் பிடியில் வைத்துத் தொடங்குங்கள். அதே குண்டு, அதே வேகம், நிதானமான வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு புள்ளி குறையுங்கள். ஒரு கட்டத்தில் ஸ்பூலின் மேல் நரம்பு பஞ்சு போல லேசாக எழும்பித் தானே அடங்குவது தெரியும். அதிலிருந்து ஒரு புள்ளி திரும்பக் கூட்டுங்கள். அதுதான் அன்றைக்கான இடம். நாளைக்கு அது மாறும். எதிர்க்காற்று அடித்தாலோ, பெரிய இரையைத் தொங்கவிட்டாலோ குண்டு சீக்கிரம் மெதுவாகும், பிடியைக் கூட்ட வேண்டும். இரையை ஈயத்துக்குப் பின்னால் கிளிப்பில் ஒடுக்கி மாட்டினால் காற்றுத்தடை குறையும், பிடியையும் குறைக்கலாம். வெடுக்கென்று சுண்டி வீசுகிறவர்களுக்கு எந்தப் புள்ளியும் போதாது. கம்பை மெதுவாக வளையத் தொடங்கவிட்டுக் கடைசியில் வேகம் சேர்ப்பதே வழி. நரம்பை ஸ்பூல் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். வழிய வழியச் சுற்றினால் சிக்கை நாமே அழைத்து வருகிறோம்.

குண்டு தண்ணீரைத் தொடும் நொடிக்கு மட்டும் காந்தத்தை நம்பக்கூடாது. நூறு மீட்டர் நரம்பு போனபின் ஸ்பூலின் விட்டம் 35 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். அப்போது குண்டு 25 மீட்டர் வேகத்தில் வந்தாலும் ஸ்பூல் நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். குண்டு நொடியில் நிற்கிறது, ஸ்பூல் நிற்காது. வேகம் குறையக் குறையப் பிடியும் குறைவதால் காந்தத்தால் எதையும் முழுதாக நிறுத்தவே முடியாது. கட்டைவிரல்தான் நிறுத்த வேண்டும். விரல் சுடாமலும் வழுக்காமலும் இருக்க, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தை மாட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் மேல் சிக்கு விழுந்தால் இழுக்காதீர்கள். மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் பிடியை இறுக்கி, சிக்கின் மேல் கட்டைவிரலை அழுத்தி, கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். உப்பி நிற்கும் வளையங்கள் தட்டையாகி ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக்கொள்ளும். பிறகு மெல்ல உருவினால் பாதிச் சிக்காவது தானே பிரிந்து வரும். ஊசியால் குத்திப் பிரிக்க வேண்டாம். பிரித்தபின் நரம்பில் வெள்ளைத் தழும்பு தெரிந்தால் அதுவரை வெட்டி எறியுங்கள். அடுத்த வீச்சில் அறுவது அந்த இடத்தில்தான்.

கடைசியாக, வாசகர் மூடியைக் கழற்றிய அந்த இடத்துக்கே வருகிறேன். கடற்கரை மணலில் கருப்பாகத் தெரியும் துகள்களில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருக்கும். ரீலை ஒரு முறை மணலில் வைத்தாலே அது உள்ளே போய்க் காந்தங்களின் முகத்தில் மீசை போல ஒட்டிக்கொள்ளும், பிறகு சுற்றும் ஸ்பூலின் சுவரைச் சுரண்டும். துணியால் துடைத்தால் போகாது, இடம்தான் மாறும். ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுங்கள். நிக்கல் பூச்சு உரிந்த நியோடிமியம் உப்புக்காற்றில் பொடிந்துபோகும். அதனால் டேப்பால் எடுத்தபின் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, உலரவிட்டு, பேரிங்குக்கு ஒரே ஒரு துளி எண்ணெய் விட்டு மூடுங்கள்.