சேற்றில் கிடக்கும் பாதரசமும் பிளாஸ்டிக் ஷீட்டும்

பாதரசம் படிந்த நீர்நிலையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், "அடியில் ஷீட்டை விரித்து மூடிவிட்டால் போதாதா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. அசட்டுக் கேள்வி இல்லை. சேற்றின் மேல் பாலிமர் படலம் பரப்பும் சோதனைகளை 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் செய்து பார்த்துவிட்டார்கள்.

ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற நச்சாக மாற்றுகின்றன. புழு, சின்ன மீன், பெரிய மீன் என்று ஏறஏற அதன் அளவு கூடுகிறது. சமைத்தாலும் போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய்க்கும் காரணம் மெத்தில் பாதரசம்தான். அங்கே அது ஆலைக் கழிவிலேயே கலந்து வந்தது. அந்த விரிகுடாவின் சேற்றைத் தோண்டிச் சுத்தம் செய்ய 1977 முதல் 1990 வரை ஆனது. தோண்டும்போது சேறு கலங்கிப் பரவும், எடுத்த சேற்றைக் கொட்டவும் இடம் வேண்டும். அதனால்தான் இருந்த இடத்திலேயே மூடிவிடலாமே என்ற யோசனை வருகிறது.

இனி ஷீட்டுக்கு வருவோம். ஷீட்டுக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தண்ணீரை விட லேசானது. மேலே மணலோ ஜல்லியோ போட்டு அழுத்தாவிட்டால் மிதக்கும். பெரிய தலைவலி வாயு. மட்கும் சேறு மீத்தேனை விட்டுக்கொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாத ஷீட்டின் கீழே அது கூடி, பூரி மாதிரி உப்பவைக்கும். ஒரு மூட்டு பிரிந்தால் போதும், அந்த வழியே குமிழியோடு சேறும் கிளம்பிவிடும். துளை விட்டால் வாயு போகும். ஆனால் சேற்றிலிருந்து கசியும் நீரும் அதே துளையைத்தான் தேடி வரும். அடியிலிருந்து நிலத்தடி நீர் ஊறும் இடமென்றால் நிலைமை இன்னும் மோசம். நங்கூரம் இழுத்துக் கிழிப்பது தனிக்கதை.

இன்னொன்றும் உண்டு. பாதரச ஆய்வுக்கு எடுக்கும் நீர் மாதிரியை நாங்கள் சாதாரண பாலிஎத்திலீன் பாட்டிலில் வைப்பதில்லை, கண்ணாடி பாட்டிலில்தான் வைப்போம். பாதரச ஆவி அந்தப் பிளாஸ்டிக்கை ஊடுருவும். அதே பொருளை ஏரி அடியில் விரித்துவிட்டு 'முழுதாக அடைத்தாயிற்று' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அதற்காக ஷீட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அலையும் படகும் இல்லாத சிறிய இடத்தில், நச்சு ஒரே மூலையில் குவிந்து கிடந்தால், மணலோடு சேர்த்துப் போடலாம். பரந்த நீர்நிலைக்கு நான் மணல் அடுக்கையே பரிந்துரைப்பேன். நியூயார்க் மாநிலத்தின் ஒனொண்டாகா ஏரியில் ஒரு பகுதிச் சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டு, அடியின் ஒரு பகுதியை மணலும், நச்சை உறிஞ்சிப் பிடிக்கும் செயலூட்டிய கரியும் கொண்டு மூடினார்கள். ஏரியின் ஆழத்தில் நைட்ரேட் கரைசலும் செலுத்தினார்கள். நைட்ரேட் இருக்கும்வரை மெத்தில் பாதரசம் உருவாவது குறையும்.

எதைப் போடுவதானாலும் முதலில் கழிவு வரும் குழாயை அடைக்க வேண்டும். வரத்து நிற்காவிட்டால் ஷீட்டின் மேலேயே புதிய நச்சு வண்டல் படியத் தொடங்கும். அடுத்து, கோடையில் சேறு எவ்வளவு வாயு விடுகிறது என்று அளக்க வேண்டும். குளிர்காலத்து அளவை வைத்துப் போட்ட திட்டம் வெயில் ஏறியதும் உப்பிவிடும். போட்டு முடித்த பிறகும் ஆண்டுதோறும் மீன் சதையைச் சோதிக்கவும், டைவரை இறக்கி மூட்டுகளைப் பார்க்கவும் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தங்களில் அந்த வாசகம்தான் அடிக்கடி காணாமல் போகிறது.