தினமும் நடப்பவர் ஏன் விழுந்தார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு வந்த அம்மாவுக்கு 68 வயது. டர்பன் கடற்கரையோரம் தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர். கோயில் படியில் கால் இடறி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. "இவ்வளவு நடந்தும் காலில் பலம் இல்லையா டாக்டர்?" என்று வருத்தப்பட்டார்.

"கோழி வெட்டும்போது பார்த்திருப்பீர்களே, தொடைக்கறி சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு" என்றேன். சிவப்புக்குக் காரணம் மயோகுளோபின்; ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம். தசையில் மெதுவாகச் சுருங்கும் மெதுநார், சட்டென்று சுருங்கும் வேகநார் என்று இரண்டு வகை நார்கள் உண்டு. மெதுநார்களில் அதுவும், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அதிகம். கொழுப்பையும் சர்க்கரையையும் ஆக்சிஜனோடு எரித்து, களைக்காமல் வேலை செய்யும். வேகநார்களில் இருக்கும் மயோசின், அதாவது தசையைச் சுருக்கும் புரதம், வேறு வகை. ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் சில மடங்கு வேகமாக உடைக்கும். கிரியேட்டின் பாஸ்பேட்டும், தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜனும்தான் அவற்றின் கைச்செலவுப் பணம். சீக்கிரம் தீர்ந்துவிடும், சர்க்கரையை வேகமாக உடைக்கும்போது உண்டாகும் லாக்டேட் சேரும். (மறுநாள் கால் வலிக்கு லாக்டேட்டைத் திட்டாதீர்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும்.)

கோழி போல நமக்குத் தனித்தனியாக இல்லை, ஒரே தசையில் இரண்டும் கலந்திருக்கும். கெண்டைக்காலின் உட்தசையான சோலியஸ் போன்ற சிலவற்றில் பெரும்பகுதி மெதுநார்.

விஷயம் இங்கேதான். மூளை முதலில் மெதுநார்களைத்தான் கூப்பிடும். பாரமோ வேகமோ கூடினால்தான் வேகநார்களுக்கு அழைப்பு. நிதானமான நடையில் அவற்றில் பலவற்றுக்கு வேலையே வராது. வயதாக ஆக அதிகம் மெலிவதும் அவைதான். கால் இடறும்போது சமாளிக்கக் கிடைப்பதோ ஒரு நொடிக்கும் குறைவு. அப்போது வேகநார் வேண்டும். இங்கே நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தானில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கும் நான் இதையே சொல்வதுண்டு, அவர்கள் சிரிப்பார்கள்.

அந்த அம்மாவுக்குக் கொடுத்த பயிற்சி எளிதுதான். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. வாரத்தில் மூன்று நாள். நடையையும் விடக்கூடாது, அது இதயத்துக்கு. இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த வயதில் லேசாக விழுந்தே எலும்பு முறிந்தால் எலும்பு அடர்த்தியையும் பார்த்துவிடுவது நல்லது, அவரையும் அனுப்பினேன்.

வீட்டில் எண்ணுவது பேரனின் வேலையாம். எட்டு என்றால் பத்து வரை போய்விடுகிறான் என்று போன வாரம் புகார் சொன்னார்.