மாத்திரையை நிறுத்து என்று எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது?

வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டு வருவதற்குச் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், கையில் காசு இருக்காது, அல்லது கொஞ்ச நாளாக ஒன்றும் வரவில்லையே என்ற தைரியம். கிறிஸ்தவக் குடும்பங்களில் கூடுதலாக ஒன்று உண்டு: "சுகம் கிடைச்சாச்சுன்னு விசுவாசிக்கிறோம் டாக்டர். இனி மாத்திரை போட்டா அது அவிசுவாசம்னு சொன்னாங்க." நரம்பியல் மருத்துவனான நானும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவன்தான். அதனால் இதை வீட்டுக்குள்ளிருந்து வரும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் முழங்கை வரை தீக்காயத்தோடு வந்தாள். அடுப்படியில் வலிப்பு வந்து, சாய்ந்த இடத்தில் கொதிக்கும் சட்டி. அம்மாவின் பையில் ஜெப எண்ணெய்க் குப்பி ஒன்று, பக்கத்திலேயே பிரிக்காத லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை அட்டைகள். மகள் சுகமாகிவிட்டாள் என்று சபையில் சாட்சி சொன்னது சில வாரங்களுக்கு முன்புதான்.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பலருக்கு வலிப்பு தினமும் வருவதில்லை; மாதக்கணக்கில் வராமலும் இருக்கும். மாத்திரையை நிறுத்திய மறுநாளே எல்லோருக்கும் வந்துவிடாது. அந்த இடைவெளியில்தான் சாட்சி சொல்லப்படுகிறது. அப்புறம் வலிப்பு திரும்பி வரும்போது ஒலிபெருக்கி இருக்காது. "உன் விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்று பழி அந்தப் பிள்ளை தலையில் விழும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஏனென்றால் இதே நோயைப் பற்றி நெருக்கமாகப் பேசும் பகுதி மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு பையன் நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். சிறுவயது முதல் இப்படி என்கிறார் தகப்பன். கேஸ் ஷீட்டில் நான் எழுதுவதும் ஏறக்குறைய இதுதான். அது அசுத்த ஆவியின் வேலை என்கிறது மாற்கு. மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்பு உள்ளவர்களையும்) தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. அதை வேதபண்டிதர்களுக்கு விடுகிறேன். நான் பார்ப்பது தகப்பனை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறார் அவர். பாதி நம்பிக்கை, பாதி பயம். அதோடு வந்தவரை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானான். சீஷர்களால் ஏன் அந்தப் பிள்ளையைச் சுகமாக்க முடியவில்லை என்ற கேள்விக்கு மத்தேயு 17:20-இல் வரும் பதிலையும் படியுங்கள். அவிசுவாசம் என்ற குற்றம் சுகமாக்கப் போனவர்கள் மேல் விழுகிறது. வலிப்பு வந்த பிள்ளையின் மேல் விழவில்லை.

எண்ணெய் பூசுவதற்கு எல்லோரும் காட்டுவது யாக்கோபு 5:14-15. நல்லது, பூசுங்கள். அந்தக் காலத்தில் எண்ணெய் மருந்தாகவும் இருந்தது; நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துத்தான் கட்டினான். மூப்பர்களை அழைக்கச் சொல்லும் யாக்கோபு, வைத்தியனை விரட்டச் சொல்லவில்லை.

பவுலோடு இருந்தவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே கொலோசெயர் நிருபம் அழைக்கிறது. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று ஆலோசனை போகிறது. துரோப்பீமுவை வியாதியாக மிலேத்துவில் விட்டுவந்ததாக ஒரு வரி. எப்பாப்பிரோதீத்து சாவின் விளிம்புவரை போய்த் தேறினார். பவுலுக்கே 'மாம்சத்தில் முள்' என்று அவர் சொன்ன ஒரு தீராத உபாதை. மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. இவர்களில் ஒருவரையும் விசுவாசம் குறைந்தவர் என்று அந்த நிருபங்கள் சொல்லவில்லை. அங்கே விசுவாசம் என்பது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது. சுகம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

என் சக மருத்துவர்கள் சிலர் "எல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் அந்தக் குடும்பம் அடுத்த முறை மருத்துவமனைப் பக்கமே வராது. நான் போதகரிடம் போனில் பேசிப் பார்ப்பேன். பெரும்பாலானவர்கள் நியாயமானவர்கள், "மாத்திரையைப் போட்டுட்டு ஜெபத்துக்கு வா" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால், நான் அரை மணி நேரம் பேசுவதைவிட அது வேலை செய்கிறது.

சபையில் இருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். உபவாச நாளிலும் வலிப்பு மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிடுங்கள். நாள் முழுக்க உபவாசம் இருக்கலாமா என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். முழு இரவு ஜெபம் உங்களுக்கு வேண்டாம். தூக்கம் கெடுவது வலிப்பைக் கிளப்பிவிடும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆராதனை நடுவே யாருக்காவது வலிப்பு வந்தால் சுற்றி நின்று கூச்சலிடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, உண்மையிலேயே சுகம் கிடைத்துவிட்டது என்று நம்புகிறீர்களா? குஷ்டரோகியைச் சுகமாக்கிய பிறகு இயேசு சொன்னது, போய் உன்னை ஆசாரியனுக்குக் காண்பி என்று. சுத்தமானதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியனிடம் இருந்தது. அதுபோல எங்களிடம் வாருங்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும். இரண்டு ஆண்டுகள் ஒரு வலிப்பும் வராதவர்களுக்கு, இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை), ஸ்கேன், வலிப்பின் வகை எல்லாம் பார்த்து, முடியுமென்றால் நாங்களே பல மாதங்களில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். எல்லோருக்கும் அது ஒத்துவராது. யாருக்கு ஒத்துவரும் என்பதை அடுத்த முறை வரும்போது தயங்காமல் கேளுங்கள், போதகரையும் கூட்டி வரலாம்.