தையல் போட்ட பூனைக்குட்டியும் தரம் 5 பிள்ளையும்

போன சனிக்கிழமை வெள்ளவத்தைக் கிளினிக்குக்குப் பத்தரை வயதுப் பையன் ஒருவன் வந்தான். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு கூட்டி வந்திருந்தார்கள். "பரீட்சை முடியட்டும் எண்டுதான் டொக்டர் பார்த்துக்கொண்டு இருந்தனாங்கள்" என்றார் அம்மா. வலது கண்ணைப் பொத்தி எழுத்துப் பலகையைக் காட்டினேன். உச்சியில் இருக்கிற பெரிய எழுத்தோடு நின்றுவிட்டான். கையை எடுத்ததும் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தான். இடது கண்ணில் பவர் ப்ளஸ் 5. மூன்று வயதிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு ஏன் கண்ணாடி என்று விட்டுவிட்டார்களாம்.

இந்த மாதம் இது மூன்றாவது பிள்ளை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவின் கேள்வி எல்லா அப்பாக்களும் கேட்பதுதான்: "பதினெட்டு வயசில லேசர் செய்தால் சரிவரும் தானே?"

வராது ஐயா. லேசர் விழியைத் திருத்தும். இந்தப் பிள்ளைக்குக் குறை விழியைத் தாண்டி மூளைக்குப் போய்விட்டது. இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை என்பதால் பூனைக்குட்டிக் கதையைச் சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரு மூளை ஆய்வாளர்கள், கண் திறக்கும் பருவத்துப் பூனைக்குட்டிகளின் ஒரு பக்க இமையை மட்டும் தைத்து மூடினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தையலைப் பிரித்துப் பார்த்தால் கண்ணில் பெரிய குறை இல்லை. வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குகிறது; விழித்திரையும் வேலை செய்கிறது. ஆனால் நல்ல கண்ணை மறைத்து மேசையில் விட்டால், குட்டி விளிம்பைத் தாண்டிக் காலை வைத்துக் கீழே விழுந்தது. மூளையில் நுண்ணிய மின்வாயை, அதாவது செல்களின் மின்துடிப்பைப் பிடிக்கும் ஊசியை, வைத்துப் பார்த்தார்கள். வழமையாகப் பார்வைப் பகுதியின் பெரும்பாலான செல்கள் இரண்டு கண்ணுக்கும் பதில் சொல்லும். இந்தக் குட்டிகளிலோ அநேகமாக எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டும்தான் பதில் சொல்லின.

சும்மா கிடக்கிற காணிக்குள் பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போடுகிறார் இல்லையா, அதேதான். இரண்டு கண்ணையும் சேர்த்து மூடினால் ஒரு கண் இவ்வளவு மோசமாகத் தோற்பதில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். வேலியைத் தள்ள அங்கே ஆள் இல்லை.

இனிச் சொல்வதைத்தான் பெற்றோர் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். வளர்ந்த பூனையின் கண்ணை மாதக்கணக்கில் மூடி வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. குட்டிக்கோ, பிறந்து 4ஆம், 5ஆம் வாரத்தில் 3, 4 நாள் மூடினாலே போதுமாயிருந்தது. மூன்று மாதம் தாண்டியதும் அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. இதுவும் சேர்ந்த பார்வை ஆய்வுகளுக்குத்தான் 1981இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மனிதக் குழந்தைக்குக் கதவு கொஞ்சம் நீண்டகாலம் திறந்திருக்கும். ஏறக்குறைய 7, 8 வயதுவரை. முதல் இரண்டு வருடம் மிக முக்கியம். இமை தைத்திருக்க வேண்டும் என்றில்லை. கண்புரை, தொங்கும் இமை, வாக்குக்கண், ஒரு கண்ணில் மட்டும் அதிக பவர், எதுவானாலும் மங்கல் படம் போகிற கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இதற்குச் 'சோம்பேறிக் கண்' என்று பெயர் வைத்தவரை எனக்குப் பிடிக்காது. பாவம், அந்தக் கண் சோம்பியிருக்கவே இல்லை.

டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்தால் நம் நாட்டுக் கோர்னியா (கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலம்) உலகமெங்கும் போகிறது. நமக்குப் பெருமைதான். ஆனால் பார்க்கப் பழகாத மூளைக்கு எத்தனை தெளிந்த கோர்னியாவைப் பொருத்தினாலும் அது வாசிக்காது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். வாக்குக்கண் அதிர்ஷ்டமும் இல்லை, தானாக மாறுவதும் இல்லை. நாலு மாதத்துக்குப் பிறகும் கண் விலகினால் காட்டுங்கள். ஃபிளாஷ் படத்தில் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் நல்ல நாள் பார்க்காமல் உடனே வாருங்கள். புரையாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். ஒரு கண்ணில் பிறவிப் புரை என்றால் முதல் 6 வாரத்துக்குள் அறுவை செய்வதுதான் நல்லது. குழந்தையின் ஒவ்வொரு கண்ணையும் மாறி மாறிக் கையால் பொத்திப் பாருங்கள். ஒன்றைப் பொத்தும்போது பேசாமல் விளையாடி, மற்றதைப் பொத்தும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால், விசயம் இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டாலும் பள்ளிக்கூடம் சேர்க்கும் முன் ஒருமுறை காட்டுங்கள். கண்ணாடி போட்டால் பவர் கூடும் என்பது பொய்.

அம்மம்மாமாரிடம் ஒரு கெஞ்சல். மற்றக் கண் வேலை செய்யட்டும் என்று நல்ல கண்ணுக்கு நாங்கள் ஒட்டுகிற பிளாஸ்டரைப் பிள்ளை அழுகிறதென்று கழற்றிவிடாதீர்கள். பலருக்கு ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம் போதும். கீறட்டும், நிறம் தீட்டட்டும், தோசை சாப்பிடட்டும். அந்த 2 மணித்தியாலத்தில் இழந்த காணியை மற்றக் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறது.

பத்தரை வயதில் சிலருக்கு இன்னும் சில வரிகள் கூடும். அதனால் கண்ணாடியும் பிளாஸ்டரும் கொடுத்திருக்கிறேன். எழும்பிப் போகும்போதுதான் கேட்டேன். நாலு வயதில் ஒரு தங்கச்சி இருக்கிறாளாம். அவளை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை காலை முதல் நம்பர் அவளுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.