ஏசி குளிரைத் தரும், காற்றைத் தராது

கோடை தொடங்கியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு புகார் தவறாமல் இருக்கும். "கூலிங் நன்றாக வருகிறது சார், ஆனால் காலையில் எழுந்தால் தலை கனக்கிறது. கேஸ் லீக்காக இருக்குமோ?" கிருஷ்ணகிரியில் ஏசி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். தருமபுரி, ஓசூர் வரை போய்வருகிறேன். கேஸ் கசிந்தால் முதலில் குறைவது கூலிங்தான். கூலிங் குறையாமல் தலை மட்டும் கனக்கிறது என்றால் ஏசியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்து உள்ளே அனுப்புகிறது என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் நிறைய உண்டு. வெளி யூனிட்டுக்கும் உள் யூனிட்டுக்கும் நடுவே போவது இரண்டு காப்பர் குழாய்கள், ஒயர், தண்ணீர் வடிய ஒரு பைப், அவ்வளவுதான். காற்று வர அதில் வழியே கிடையாது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர்ந்த காயில்மேல் ஓடவிட்டு, திரும்ப அதே அறைக்குள் விடுகிறது. வெப்பம் மட்டும் குழாய் வழியே வெளியேறுகிறது. நாம் விட்ட மூச்சு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சம் பங்கில் சுமார் 420 பங்கு இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நாலு பேர், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு இரவு முழுவதும் தூங்கினால் அது 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தலைபாரம், அசதி, தூங்கியும் தூங்காதது போன்ற சோர்வு எல்லாம் வரும். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் வைத்துக் கட்டினார்கள். ஏசி வந்ததும் முதல் வேலையாக அதைத் தெர்மோகோல் வைத்து அடைக்கிறார்கள். புது வீடுகளில் அதை வைப்பதே இல்லை.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. அறையோடு சேர்ந்த குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், குளியலறைக் கதவைச் சற்றே திறந்துவைத்து, இரவில் அவ்வப்போது அதை ஓடவிடுங்கள். அறைக்கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளியும் ஹாலில் ஒரு ஜன்னல் திறப்பும் இருந்தால், உள்ளே வர நல்ல காற்றுக்கு வழி கிடைத்துவிடும். அந்தக் குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்படிச் செய்தால் குளிர் வெளியே போய்விடாதா என்பார்கள். கொஞ்சம் போகும். அதை ஈடுகட்ட 18-ல் வைத்திருக்கும் ரிமோட்டை 24-க்குக் கொண்டுவாருங்கள். 2020 முதல் நம் நாட்டில் விற்கும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் கணக்கு. 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதும் தவறான எண்ணம். சாதாரண ஏசியில், அதாவது இன்வெர்ட்டர் அல்லாததில், கம்ப்ரசர் ஓடும் வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். நிற்கும் நேரம் மட்டுமே மாறும்.

கேஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் தொழில்காரர்கள் சிலர் கோபித்துக்கொண்டாலும் சரி. ஏசிக்குள் இருக்கும் கேஸ் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வீட்டு பிரிட்ஜுக்கு வருடா வருடம் கேஸ் போடுகிறோமா? குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு வாக்யூம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அதற்குப் பின்தான் கேஸ். "சர்வீஸோடு கேஸ் டாப்-அப்" என்று யாராவது சொன்னால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 என்ற கேஸ், சிலவற்றில் ஆர்-290 இருக்கிறது. இரண்டும் தீப்பிடிக்கக்கூடியவை. ஆர்-290 என்பது புரொப்பேன், நம் சமையல் கேஸில் இருப்பதே. பீடி பற்றவைத்துக்கொண்டு வேலை செய்யும் மெக்கானிக்கை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஏர் கூலர் விஷயம் நேர் எதிர். தருமபுரியில் மார்ச் முதல் மே வரை பகல் காற்று வறண்டது. கூலருக்கு அதுதான் வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், நல்ல வறட்சியில் பத்து டிகிரி வரைகூடக் குறையும். ஆனால் ஏசிப் பழக்கத்தில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுகிறார்கள். ஈரம் போக வழியில்லாமல் அரை மணியில் அறை புழுங்கிப் பிசுபிசுக்கும். கூலரை ஜன்னலுக்கு வெளியே அல்லது ஜன்னலை ஒட்டி வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றினால், கூலருக்குள் தண்ணீரில் நனையும் பேட் வெள்ளை பூத்துக் கல்லாகிவிடும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீடுகளில் பேட் அதிக நாள் உழைப்பதைப் பார்க்கிறேன். குடிக்கிற தண்ணீரைக் கூலருக்கு ஊற்றுவதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தொட்டியை மட்டும் வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் காயவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

தூசிக்கு வருவோம். பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் இருக்கும் வீடுகளில் வெளி யூனிட்டைத் திறந்தால், காயிலில் மாவு அப்பியது போல் இருக்கும். தேசிய நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் அதே அப்பல் கறுப்பாக இருக்கும். உள் யூனிட்டின் வலை ஃபில்டர் தலைமுடி, பஞ்சு, கண்ணுக்குத் தெரியும் தூசி ஆகியவற்றைப் பிடிக்கும். நுரையீரலின் அடிவரை போகும் நுண்தூசி அதன் ஓட்டைகளில் சாவகாசமாகப் புகுந்து வந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுவது ஏசிக்கு நல்லது. அதை நம்பி ஆஸ்துமாக்காரரைப் படுக்கவைக்க முடியாது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் 'ஹெப்பா' ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் உதவும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் தரம். அதற்கு முன், துடைப்பத்தால் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

பியூரிஃபையர் வாங்கிய வீட்டிலேயே இரவில் ஏசியைப் போட்டு, அதே அறையில் கொசுவர்த்தியும் கொளுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சாம்பிராணி போட்டாலும் புகை போகும்வரை ஜன்னலைத் திறந்துவையுங்கள். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

இதுவரை சொன்னவை உடல்நலத்தைக் கெடுப்பவை. இனி வருவது ஆளையே கொல்வது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். விறகுக்குப் புகை வரும், கண் எரியும், எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். கரி கனலும்போது புகையே இருக்காது. அதனால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்தக் கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. குளிர் தாங்கவில்லை என்றால் மின்சார ஹீட்டர் வையுங்கள், அல்லது அடுத்த ஏசி வாங்கும்போது சூடும் தரும் 'ஹாட் அண்ட் கோல்ட்' வகையைக் கேளுங்கள். சாதாரண ஹீட்டர் எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே அது அதே சூட்டைத் தந்துவிடும்.

கேஸ் கீசரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஐந்துக்கு ஆறு அடி குளியலறை, குளிருக்காக அட்டை வைத்து அடைத்த வென்டிலேட்டர், உள்ளே எரியும் பர்னர். ஆக்சிஜன் குறையக் குறைய அது கார்பன் மோனாக்சைடைக் கக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், மேலே போக வேண்டிய புகையை அது கீழே திருப்பி இழுக்கவும் கூடும். குளிக்கப் போனவர் குரல் கொடுத்தும் பதில் சொல்லவில்லை என்றால் கதவை உடையுங்கள். முதலில் கேஸை மூடி, அவரைத் திறந்த வெளிக்குத் தூக்கி வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கீசரை வெளியே மாற்றச் சொன்னால், "வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார்" என்கிறார்கள். ஓட்டையே தேவையில்லை. வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினால் வெந்நீர்க் குழாய் உள்ளே வந்துவிடும். கீசர் மழைச் சாரல் படாத, ஆனால் காற்றோட்டமுள்ள வெளிச்சுவரில் இருக்கட்டும். அந்த வென்டிலேட்டருக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், புகை திரும்ப உள்ளே வரும்.