கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது

போனைப் பார்க்காமல் ஆப்பிள் நிறுவனத்தின் லோகோவை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கடித்த இடம் எந்தப் பக்கம்? மேலே இருப்பது காம்பா, இலையா? எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 85 மாணவர்களிடம் இதையே கேட்டார்கள். ஆய்வு 2015-இல் வெளியானது. பிசகில்லாமல் வரைந்தவர் ஒரே ஒருவர். பல படங்களுக்கு நடுவே சரியானதைக் காட்டச் சொன்னபோதும் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிள் பொருள்களைப் பயன்படுத்துகிறவர்கள்.

லோகோ எப்படி வேலை செய்கிறது என்பது இங்கேதான் பிடிபடுகிறது. மூளை அதைப் புகைப்படம்போல் சேமிப்பதில்லை. 'கடித்த ஆப்பிள்' என்ற சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. அந்தக் கடியும் ஒரு காரணத்தோடு வந்ததுதான். சிறிதாக்கினால் செர்ரிப் பழம்போல் தெரியக்கூடாது என்றுதான் 1977-இல் டிசைனர் ராப் ஜனாஃப் அதை வைத்தார்.

தொழில் தொடங்குகிறவர்கள் பலர் கப்பல், பூமி உருண்டை, குலுக்கும் கைகள் என எல்லாவற்றையும் லோகோவுக்குள் திணிக்க ஆசைப்படுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் போன் திரையின் மூலையில் நகத்தளவுக்குச் சுருங்கும்போது அதெல்லாம் வெறும் கறையாகிவிடும்.

சரி, பிடித்துப்போவது எப்படி? 1968-இல் உளவியலாளர் ராபர்ட் ஸஜோன்க், அர்த்தம் தெரியாத சொற்களையும் சீன எழுத்துபோன்ற குறிகளையும் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகமுறை கண்ணில் பட்டவற்றையே அவர்கள் நல்லதாக மதிப்பிட்டார்கள். பழகியதை மூளை சிரமமில்லாமல் உள்வாங்குகிறது. அந்தச் சுலபமே நமக்குப் பிடித்தம்போல் தோன்றுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்த நைக்கி நிறுவனத்தின் வளைகோட்டு லோகோவுக்கு அன்றைக்கு என்ன மதிப்பு? காலணியிலும் விளம்பரத்திலும் பல்லாண்டுகள் பார்த்துப் பார்த்துத்தான் அதில் வேகம் ஏறியது.

அதனால்தான் பழகிய லோகோவை மாற்றுவது ஆபத்து என்கிறேன். 2010-இல் 'கேப்' (Gap) என்ற ஆடை நிறுவனம் தன் நீலச் சதுரத்தை மாற்றியது. எதிர்ப்பு கிளம்பவே ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பியது. மாஸ்டர்கார்டு இதில் பொறுமைசாலி. ஒன்றன்மேல் ஒன்று படிந்த அந்த இரு வட்டங்களை அரை நூற்றாண்டாகக் காட்டிப் பழக்கிவிட்டு, அப்புறம் 2019-இல்தான் லோகோவிலிருந்து தன் பெயரையே எடுத்தது.