சொல் விளக்கம்: பாக்கெட் – சிப்பம்

தமிழில் 'பாக்கெட்' என்று எழுதினால், சட்டையில் தைத்திருப்பதா பாலை அடைத்து விற்பதா என்று இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் தனித்தனியாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் நம்மிடம் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து மாட்டிக்கொண்டன. கணினி வலையமைப்பில் பேசப்படுவது பால் பாக்கெட்டின் இனம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முகவரியோடு தனியே பயணம் போகும் தரவுத் துண்டுக்கு அந்தப் பெயர்.

சொல்லின் அடி 'பேக்'. டச்சு, கீழ்ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்தது. கட்டு, மூட்டை என்று பொருள். அதனுடன் சிறுமை காட்டும் பிரெஞ்சு விகுதி ஒட்டிக்கொள்ள, 'சிறு கட்டு' ஆனது. இங்கிலாந்தில் கடிதக் கட்டுகளை இப்படி அழைத்தார்கள். அவற்றைச் சுமந்த அஞ்சல் கப்பலுக்கும் பாக்கெட் படகு என்றே பெயர்.

கணினிக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் டொனால்ட் டேவிஸ், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர். தொலைபேசி முறையில், பேச்சு முடியும்வரை ஒரு தடம் முழுவதும் இருவருக்கே ஒதுக்கப்படும். கணினியோ ஒரு நொடி கொட்டிவிட்டு அடுத்த பத்து நொடி சும்மா இருக்கும். அதற்காகத் தடத்தைப் பிடித்து வைப்பது வீண். செய்தியைத் துண்டுகளாக்கி அனுப்பினால் பலருடைய துண்டுகள் ஒரே கம்பியில் கலந்து போகலாம் என்று 1965இல் டேவிஸ் கண்டார். துண்டுக்குப் பெயர் வைக்கும்முன், பிற மொழிகளிலும் இதற்கு இனச்சொல் உண்டா என்று மொழியியலாளர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பொறியாளர்களிடம் அரிதாகவே காணும் அக்கறை! அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன் இதே கருத்தைத் தனியாக அடைந்து, 1964இல் அறிக்கைகளாக வெளியிட்டிருந்தார். அவர் வைத்த பெயரின் பொருள் 'செய்திக் கட்டம்'. அது நிலைக்கவில்லை.

இன்று நம் வீட்டு ஈதர்நெட் என்னும் கம்பி இணைப்பில் ஒரு துண்டு வழக்கமாக 1500 பைட்டுக்கு மேல் போகாது. அதில் பெரும்பாலும் 40 பைட்டாவது தலைப்புகளுக்கே (ஹெடர்) போய்விடும். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் எல்லாம் அங்கேதான். 3 மெகாபைட் படம் ஒன்று ஏறத்தாழ 2,000 துண்டுகளாகக் கிளம்பும். வழியிலுள்ள ஒவ்வொரு திசைவியும் (ரௌட்டர்) முகவரியைப் பார்த்து அடுத்த திசைவிக்குத் தள்ளும். தலைப்பில் 'ஆயுள்' எண் ஒன்றும் உண்டு. திசைவிக்குத் திசைவி ஒன்று குறையும், பூச்சியமானால் திசைவி துண்டைத் தூக்கி எறிந்துவிடும். இல்லையென்றால் வழிதவறிய துண்டுகள் சுற்றிச் சுற்றி வந்தே வலையமைப்பை அடைத்துவிடும். துண்டுகள் வரிசை மாறி வந்தால் பெறும் கணினி அடுக்கிக்கொள்கிறது. காணாமற்போனது மறுபடி அனுப்பப்படுகிறது.

தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன: பொட்டலம், பொதி, சிப்பம். பொட்டலம் எல்லோருக்கும் தெரியும்; சிறுமைப் பொருளும் அதில் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையில் கேட்ட அளவுக்கெல்லாம் பொட்டலம் கட்டுவார்கள். உச்ச அளவு என்ற கருத்து அதில் இல்லை. பொதி என்றால் கழுதை முதுகின் சுமை நினைவுக்கு வருகிறது. என் வாக்கு சிப்பத்துக்கே. அரிசி ஆலையில் குவிந்து கிடக்கும் அரிசியை 25 கிலோ சிப்பங்களாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். பெரியதைப் பிரிப்பது, அளவுக்குள் நிறுத்துவது, தனியே அனுப்பத் தக்கதாக்குவது ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. தோட்டக்கலைத் துறையும் 'சிப்பம் கட்டும் அறை' என்றுதான் எழுதுகிறது.

பொதியையும் விட்டுவிட வேண்டாம். அது வினையாகவும் வரும்: பொதிதல், உள்ளே வைத்து மூடுதல். தரவைச் சுற்றி வலையமைப்பு மென்பொருளின் ஒவ்வொரு அடுக்கும் தன் தலைப்பைச் சேர்க்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. தரவைச் சிப்பமாக்கு, தலைப்பில் பொதி. மற்றவை இவற்றிலிருந்தே பிறக்கும்: சிப்ப மடைமாற்றம் (பாக்கெட் ஸ்விட்சிங்), சிப்பத் தலைப்பு. காணொளி அழைப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்பதன் வழக்கமான காரணங்களில் ஒன்றுக்குப் பெயர், சிப்ப இழப்பு.